செகண்ட் ஹேண்ட் பொக்லைன், ஜேசிபியில் எரர் கோடு வந்தால் உடனே சென்சார் மாற்றணுமா? அதற்கு முன் பார்க்க வேண்டியவை என்னென்ன?

செகண்ட் ஹேண்டில் ஒரு பொக்லைனோ ஜேசிபியோ வாங்கி, முதல் வாரமே வேலைத்தளத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தால் உரிமையாளருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். கடன் தவணை ஒரு பக்கம், வண்டி நின்றால் போகும் மணி வாடகை இன்னொரு பக்கம். திரையில் ஏதோ எண்கள். "சென்சார் போச்சு, மாத்திடலாம்" என்பார் ஒருவர். "இசிஎம் அவுட்" என்பார் இன்னொருவர். ஆயிரக்கணக்கில் செலவு செய்து சென்சார் மாற்றிய பிறகும் அதே கோடு மறுநாள் வந்து நிற்கும்.

காரணம் எளிது. எரர் கோடு குற்றவாளியைக் காட்டுவதில்லை, புகார் எந்த இடத்திலிருந்து வந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. அந்த இடத்தில் சென்சார் இருக்கும், ஒயர் இருக்கும், கனெக்டர் இருக்கும், எர்த் இருக்கும். இதில் எது கெட்டிருக்கிறது என்பதைச் சோதித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு முதலில் தேவைப்படுவது ஒரு மல்டிமீட்டரும் கொஞ்சம் பொறுமையும்தான்.

எரர் கோடு எப்படி உருவாகிறது?

எலக்ட்ரானிக் இன்ஜினில் டீசல் எவ்வளவு, எப்போது பாய வேண்டும் என்பதை முடிவு செய்வது இசிஎம் எனப்படும் கணினிப் பெட்டி. ஆயில் பிரஷர், கூலன்ட் வெப்பம், டீசல் ரயில் பிரஷர், இன்ஜின் வேகம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு சென்சார். பெரும்பாலான சென்சார்களுக்கு இசிஎம் 5 வோல்ட் கொடுக்கிறது. திரும்பி வரும் சிக்னல் வழக்கமாக அரை வோல்ட்டுக்கும் நாலரை வோல்ட்டுக்கும் இடையில் இருக்கும். அந்த எல்லையைத் தாண்டினால், "இது நம்பக்கூடிய அளவு இல்லை" என்று இசிஎம் ஒரு கோடைப் பதிவு செய்கிறது.

இன்ஜின் இசிஎம், ஹைட்ராலிக் கன்ட்ரோலர், டிஸ்பிளே ஆகியவை தங்களுக்குள் பேசிக்கொள்வது 'கேன்' எனப்படும் இரண்டு ஒயர் வழியாக. கனரக வண்டிகளில் இதற்கான பொது மொழி ஜே1939. அமெரிக்காவின் எஸ்ஏஇ அமைப்பு வகுத்த தரம் இது.

இந்தியாவில் சக்கரத்தில் ஓடும் கட்டுமான வாகனங்களுக்கு 2021 ஏப்ரல் 1 முதல் சிஇவி ஸ்டேஜ் 4 மாசு விதியும், 2025 ஜனவரி 1 முதல் ஸ்டேஜ் 5 விதியும் வந்தன. இந்த விதிகளைச் சமாளிக்க எலக்ட்ரானிக் இன்ஜின்கள் பரவலாகின. அதனால் "நட்டைக் கழற்றிப் பார்த்தால் தெரிஞ்சிடும்" என்ற பழைய வைத்தியம் மட்டும் இப்போது போதாது.

எஸ்பிஎன், எஃப்எம்ஐ என்றால் என்ன?

ஜே1939 கோடில் இரண்டு எண்கள் முக்கியம். எஸ்பிஎன் என்பது 'எது' என்று சொல்லும். எஃப்எம்ஐ என்பது 'எப்படிப்பட்ட கோளாறு' என்று சொல்லும்.

அடிக்கடி கண்ணில் படும் எஸ்பிஎன்கள்:

100 - இன்ஜின் ஆயில் பிரஷர்
110 - கூலன்ட் வெப்பநிலை
157 - டீசல் ரயில் பிரஷர்
168 - பேட்டரி வோல்டேஜ்
190 - இன்ஜின் வேகம்
639 - கேன் நெட்வொர்க்

தெரிந்திருக்க வேண்டிய எஃப்எம்ஐகள்:

0 - அளவு உண்மையிலேயே மிக அதிகம்
1 - அளவு உண்மையிலேயே மிகக் குறைவு
2 - சிக்னல் தாறுமாறாக, விட்டு விட்டு வருகிறது
3 - வோல்டேஜ் எல்லையைவிட அதிகம்
4 - வோல்டேஜ் எல்லையைவிடக் குறைவு
5 - கரன்ட் குறைவு அல்லது சர்க்யூட் அறுந்துள்ளது
6 - கரன்ட் அதிகம் அல்லது பாடியோடு ஷார்ட்
9 - தகவல் வர வேண்டிய நேரத்தில் வரவில்லை
12 - அந்தக் கருவியே பழுது என்ற சந்தேகம்

இதில் 3, 4, 5, 6 நான்கும் எலக்ட்ரிக்கல் கோளாறு. 0, 1 இரண்டும் இன்ஜினே ஆபத்தில் இருக்கிறது என்ற எச்சரிக்கை. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒரே எஸ்பிஎன், இரண்டு வேறு கதை

எஸ்பிஎன் 100, எஃப்எம்ஐ 1 என்று வந்தால் ஆயில் பிரஷர் உண்மையிலேயே இறங்கிவிட்டது என்று இசிஎம் சொல்கிறது. உடனே இன்ஜினை நிறுத்த வேண்டும். "இந்த லோடை மட்டும் ஏத்திட்டு ஆஃப் பண்றேன்" என்று ஓட்டினால் பேரிங் போகலாம், கிராங்க் போகலாம், இன்ஜினே சீஸ் ஆகலாம்.

அதே எஸ்பிஎன் 100, எஃப்எம்ஐ 4 என்று வந்தால் கதை வேறு. ஆயில் பிரஷர் எவ்வளவு என்றே இசிஎம்முக்குத் தெரியவில்லை. சிக்னல் ஒயரின் வோல்டேஜ் மட்டும் கீழே கிடக்கிறது. ஒயர் எங்கோ உரசி பாடியில் படலாம், சென்சாருக்கு 5 வோல்ட் போகாமல் இருக்கலாம், சென்சாரே கெட்டிருக்கலாம்.

அதற்காக "வெறும் எலக்ட்ரிக்கல் கோடுதானே" என்று அப்படியே ஓட்டுவதும் தப்பு. சென்சார் குருடாகிவிட்டால், நாளை நிஜமாகவே ஆயில் பிரஷர் இறங்கினாலும் எச்சரிக்கை வராது. டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவைப் பார்த்து, மெக்கானிக்கல் கேஜ் மாட்டி பிரஷர் சரியாக இருப்பதை உறுதி செய்த பிறகே அடுத்த வேலை.

எல்லா கம்பெனியிலும் ஒரே கோடா?

இல்லை. எஸ்பிஎன், எஃப்எம்ஐ பொதுவானவை என்றாலும் பல தயாரிப்பாளர்கள் தங்களுக்கென்று தனிக் கோடும் வைத்திருக்கிறார்கள். கேட்டர்பில்லர் வண்டிகள் பலவற்றில் எஸ்பிஎன்னுக்குப் பதில் சிஐடி என்ற எண் வரும், பக்கத்தில் எஃப்எம்ஐ இருக்கும். கொமாட்சு வண்டிகள் பலவற்றில் சிஏ441 போன்ற கோடு வரும். அது பேட்டரி வோல்டேஜ் குறைவு என்பதைக் குறிக்கும். திரை இல்லாத பழைய வண்டிகள் சிலவற்றில் விளக்கு எத்தனை முறை மினுக்குகிறது என்பதே கோடு.

அதனால் யாரோ அனுப்பிய கோடு பட்டியலை நம்பி முடிவு எடுக்கக் கூடாது. வண்டியின் மாடல், சீரியல் நம்பர் இரண்டுக்கும் உரிய சர்வீஸ் மேனுவலில் பார்ப்பதே சரி.

ஸ்கேனர் மாட்டுபவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 9 பின் வட்ட சாக்கெட் எல்லாம் பார்க்க ஒன்று போல இருக்கும். ஆனால் ஜே1939 சாக்கெட்டில் 'ஏ' பின் நெகட்டிவ், 'பி' பின் பாசிட்டிவ். கேட்டர்பில்லரின் சொந்த 9 பின் சாக்கெட்டில் இது தலைகீழ். சரியான கேபிள் இல்லாமல் மாட்டினால் ஸ்கேனரே போய்விடலாம்.

முதல் வேலை: போட்டோ, பிறகு பேட்டரி

கோடு வந்ததும் அழிக்கக் கூடாது. முதலில் எல்லா கோடுகளையும் செல்போனில் போட்டோ எடுக்க வேண்டும். ஆக்டிவ் கோடு எது, பழைய பதிவு எது, எத்தனை முறை வந்தது, எந்த மணிநேரத்தில் வந்தது என்பவை தனித்தனியாக இருக்கும். பிறகு அழித்துவிட்டு வண்டியை ஓட்டிப் பார்த்தால், திரும்பி வருவதே இன்றைய பிரச்சினை.

அடுத்து பேட்டரி. முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் 12 வோல்ட் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். இரண்டு பேட்டரி தொடராக இணைந்த 24 வோல்ட் வண்டியில் சுமார் 25.2 வோல்ட். இன்ஜின் ஓடும்போது 24 வோல்ட் வண்டியில் பொதுவாக 27.5 முதல் 28.5 வரை வர வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போது வோல்டேஜ் அதிகமாகச் சரிந்தால் கணினிகள் தடுமாறி, சம்பந்தமே இல்லாத கோடுகளை வரிசையாகப் போடும். பலவீனமான பேட்டரி ஒன்றே பத்து கோடுக்குக் காரணமாக இருக்கலாம்.

பிறகு எர்த். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும், மறு முனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிளிலோ போல்ட்டிலோ தடை இருக்கிறது. பெயின்ட், துரு, லூஸ் போல்ட் என எதுவாகவும் இருக்கலாம். சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினாலே சில வண்டிகளில் பாதி கோடு காணாமல் போய்விடும்.

ஒரே நேரத்தில் நாலைந்து கோடு வந்தால்?

நாலு சென்சார் ஒரே நாளில் கெடுவது அபூர்வம். அந்த நாலுக்கும் பொதுவானது எது என்று தேடுவதே வழி.

முதல் சந்தேகம் 5 வோல்ட் சப்ளை. பல சென்சார்கள் ஒரே 5 வோல்ட் லைனைப் பகிர்ந்துகொள்ளும். அதில் ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆனாலும் எல்லாவற்றுக்கும் வோல்டேஜ் விழுந்துவிடும். சென்சார் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி 5 வோல்ட் எப்போது திரும்பி வருகிறது என்று பார்த்தால், கடைசியாகக் கழற்றியதுதான் வில்லன். எதைக் கழற்றினாலும் திரும்பவில்லை என்றால் ஒயரிங்கைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது சந்தேகம் கேன் லைன். எஸ்பிஎன் 639, எஃப்எம்ஐ 9 போன்றவை வந்தால், பேட்டரி இணைப்பைத் துண்டித்துவிட்டு, சாக்கெட்டில் கேன் ஒயர்கள் இரண்டுக்கும் நடுவில் ஓம் அளவு பார்க்க வேண்டும். ஜே1939 சாக்கெட்டில் இவை 'சி', 'டி' பின்கள். லைனின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் மீட்டர் 60 ஓம் காட்ட வேண்டும்.

120 காட்டினால் ஒரு ரெசிஸ்டர் இல்லை அல்லது வழியில் ஒயர் அறுந்திருக்கிறது. 40 காட்டினால் யாரோ கூடுதலாக ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் என்றால் இரண்டு ஒயரும் ஒன்றோடு ஒன்று ஒட்டியிருக்கின்றன.

சென்சாரா, ஒயரா? காசு செலவில்லாத சோதனை

கூலன்ட் வெப்ப சென்சார் போன்ற இரண்டு ஒயர் சென்சாருக்கு ஒரு எளிய சோதனை உண்டு. எஸ்பிஎன் 110, எஃப்எம்ஐ 4 ஆக்டிவாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாவி ஆனில் இருக்க, இன்ஜின் ஆஃபில் இருக்க, சென்சார் பிளக்கைக் கழற்ற வேண்டும். கோடு எஃப்எம்ஐ 3 ஆக மாறினால் ஒயரும் இசிஎம்மும் நல்லது, சென்சார்தான் பழுது. அப்படியே 4 காட்டினால் ஒயர் எங்கோ ஷார்ட்.

எஃப்எம்ஐ 3 வந்தால் இதைத் திருப்பிச் செய்ய வேண்டும். பிளக்கைக் கழற்றி, ஒயரிங் பக்கம் உள்ள இரண்டு பின்னையும் சின்ன ஒயரால் இணைக்க வேண்டும். 4 ஆக மாறினால் சென்சார் பழுது. 3 ஆகவே நின்றால் ஒயர் அறுந்திருக்கிறது. 'வோல்டேஜ் அதிகம்' என்றதும் எங்கோ கூடுதல் கரன்ட் வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். வெப்ப சென்சாரில் ஒயர் அறுந்தாலும் இதே கோடுதான் வரும்.

மூன்று ஒயர் பிரஷர் சென்சாரில் இப்படி இணைத்துப் பார்க்கக் கூடாது. அதில் 5 வோல்ட் ஒயர் இருப்பதால் சப்ளையே ஷார்ட் ஆகிவிடும்.

ஹைட்ராலிக் சொலினாய்டில் எஃப்எம்ஐ 5 அல்லது 6 வந்தால், பக்கத்தில் உள்ள அதே பார்ட் நம்பர் காயிலோடு இடம் மாற்றிப் பார்க்கலாம். கோடும் கூடவே இடம் மாறினால் காயில் பழுது. கோடு பழைய இடத்திலேயே நின்றால் ஒயரிங். மாற்றிய பிறகு பூம், பக்கெட் எதையும் அசைக்காமல் கோடை மட்டும் பார்க்க வேண்டும். பக்கெட் தரையில் இறக்கி வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

இதிலெல்லாம் சாதாரண பல்பு டெஸ்ட் லேம்ப் வேண்டாம். அது இழுக்கும் கரன்ட் இசிஎம் சர்க்யூட்டைக் கெடுத்துவிடலாம். ஒயரை ஊசியால் குத்திச் சோதிப்பதும் வேண்டாம். அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி ஆறு மாதம் கழித்துப் புதுக் கோடு வரும். கனெக்டரின் பின்பக்கம் மெல்லிய பின் நுழைத்துப் பார்ப்பதே நல்லது.

பழைய வண்டிக்கே உரிய ஐந்து கோளாறுகள்

1. கை வைத்த ஒயரிங்: கூடுதல் லைட், ஃபேன், பாட்டுப் பெட்டி என முந்தைய உரிமையாளர் எங்கோ இருந்து இழுத்த ஒயர்கள். டேப் சுற்றிய முறுக்கு ஜாயின்ட் ஒவ்வொன்றும் சந்தேகத்துக்குரியது.

2. ஒரே பேட்டரியில் 12 வோல்ட் எடுப்பது: 24 வோல்ட் வண்டியில் பாட்டுப் பெட்டிக்காக ஒரு பேட்டரியில் மட்டும் கரன்ட் எடுத்தால், அது சார்ஜ் இறங்கிக்கொண்டே போகும், மற்றது ஓவர் சார்ஜ் ஆகும். இரண்டும் சீக்கிரம் போகும். 24-ஐ 12 ஆக்கும் கன்வர்ட்டர்தான் தீர்வு.

3. ஃபியூஸுக்குப் பதில் ஒயர்: ஃபியூஸ் பெட்டியைத் திறந்தால் செம்புக் கம்பியோ அளவு மாறிய ஃபியூஸோ இருக்கும். கோடு மட்டுமல்ல, வண்டி தீப்பிடிக்கவும் இதுவே வழி.

4. தண்ணீரும் எலியும்: பிரஷர் வாட்டர் அடித்துக் கழுவும்போது கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கி, பின்களில் பச்சை படியும். மழைக்குப் பிறகு மட்டும் வரும் கோடு, காய்ந்ததும் தானாகப் போனால் இதுதான் முதல் சந்தேகம். நாள்கணக்கில் நின்ற வண்டியில் எலி கடித்த ஒயரும் சகஜம்.

5. வெல்டிங்: பக்கெட்டுக்குப் பல் வைக்கவும் பூமில் விரிசல் ஒட்டவும் பேட்டரியைக் கழற்றாமல் வெல்டிங் செய்தால், அந்தக் கரன்ட் இசிஎம் வரை போய் அதையே எரித்துவிடலாம். பேட்டரி கேபிளைக் கழற்றி, மேனுவல் சொன்னால் இசிஎம் பிளக்கையும் கழற்றி, வெல்டிங் எர்த்தை ஒட்டும் இடத்துக்கு மிக அருகில் மாட்ட வேண்டும்.

விட்டு விட்டு வரும் கோடுக்கு இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, சுற்றும் பாகங்களுக்குக் கை போகாமல், ஒயர் கட்டை ஒவ்வொரு இடமாக அசைத்துப் பார்க்கலாம். அசைக்கும்போது கோடு வந்து போனால் இடம் கிடைத்துவிட்டது. ஒயர் கட்டு வளையும் இடம், கிளாம்ப் உரசும் இடம், சைலன்சருக்குப் பக்கம் போகும் இடம் ஆகியவை முதல் தேடல்.

வாங்கும் முன்பே பிடிப்பது எப்படி?

விற்பவர் கோடுகளை அழித்துவிட்டு வண்டியைக் காட்டுவது புதிதல்ல. திரை சுத்தமாக இருப்பதே ஒரு நல்ல சான்று என்று எடுத்துக்கொள்ள முடியாது.

* இன்ஜின் குளிர்ந்த நிலையில் பார்க்க வேண்டும். போகும்போதே சூடாக இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும்.

* சாவியை ஆன் செய்ததும் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிந்து அணைய வேண்டும். எரியவே எரியாத விளக்கு, கழற்றப்பட்ட விளக்காகவும் இருக்கலாம்.

* குறைந்தது அரை மணி நேரமாவது லோடில் ஓட்ட வேண்டும். சூடான பிறகு வரும் கோளாறு ஐந்து நிமிடத்தில் தெரியாது.

* ஸ்கேனர் மாட்டி பழைய கோடு பதிவைக் கேட்க வேண்டும். சில தயாரிப்பாளர்களின் இசிஎம்மில் ஓவர் ஹீட், ஓவர் ஸ்பீடு போன்ற பதிவுகளைச் சாதாரண ஸ்கேனரால் அழிக்க முடியாது.

* மணிநேரத்தை ஒப்பிட வேண்டும். இதுதான் மிக முக்கியம். டிஸ்பிளேயில் தெரியும் மணிநேரம் ஒன்று, இன்ஜின் இசிஎம்மில் பதிவாகும் மணிநேரம் இன்னொன்று. திரையில் 4,000 மணி என்று காட்டி, பழைய கோடு ஒன்று 7,000 மணியில் வந்ததாக இசிஎம் சொன்னால், மீட்டரோ டிஸ்பிளேயோ மாற்றப்பட்டிருக்கிறது. இசிஎம்மே மாற்றப்பட்டது என்று சொன்னால் அதற்கான பில்லைக் கேட்க வேண்டும்.

விலை பேசும்போது இந்த ஒரு எண்ணே லட்சக்கணக்கில் வித்தியாசம் செய்யும். ஸ்கேனர் மாட்டவே விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் அதுவும் ஒரு பதில்தான்.

எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்?

பேட்டரி, எர்த், ஃபியூஸ், கனெக்டர் வரை விவரம் தெரிந்த ஆபரேட்டரே பார்க்கலாம். ஆனால் காமன் ரயில் இன்ஜினின் டீசல் லைனை, இன்ஜின் ஓடும்போது லூஸ் செய்யவே கூடாது. அதில் அழுத்தம் 1,000 பாருக்கு மேல் போகும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. இன்ஜெக்டர் ஒயர்களில் பேட்டரியைவிடப் பல மடங்கு வோல்டேஜ் வரும், அதையும் ஓடும்போது தொடக் கூடாது. இவை பயிற்சி பெற்ற டெக்னீஷியனின் வேலை.

இன்னொரு பழக்கமும் கைகொடுக்கும். சாவியை ஆஃப் செய்த உடனே பேட்டரி மாஸ்டர் சுவிட்சை அணைக்காமல், மேனுவல் சொல்லும் நேரம் காத்திருக்க வேண்டும். பல இசிஎம்கள் அந்த நேரத்தில்தான் தகவலைச் சேமிக்கின்றன. இன்ஜின் ஓடும்போது மாஸ்டர் சுவிட்சை அணைப்பது அதைவிட மோசம். ஆல்டர்னேட்டரிலிருந்து எழும் திடீர் வோல்டேஜ் எலக்ட்ரானிக்ஸைப் பதம் பார்த்துவிடும்.

மொத்தத்தில் வரிசை இதுதான்: கோடைப் போட்டோ எடு, எஃப்எம்ஐயைப் பார், 0 அல்லது 1 என்றால் இன்ஜினை நிறுத்து. மற்றவை என்றால் பேட்டரி, எர்த், ஃபியூஸ், கனெக்டர், ஒயர், பிறகு சென்சார். இசிஎம் எப்போதும் கடைசி. விலை அதிகமான பாகத்தை முதலில் மாற்றச் சொல்பவரிடம், "எதை அளந்து பார்த்துச் சொல்றீங்க?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டாலே போதும். அளவு சொல்லத் தெரிந்தவரிடம் வண்டியைக் கொடுக்கலாம்.